பேர் சொல்லாத கண்டனம்

அந்தப் பேப்பரை மடிச்சுறாதீக சார். ஏழாம் பக்கத்துல ஒன்பது நாட்டுக்காரங்களும் வரிசையா நின்னு சிரிக்க போட்டோ இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. என் கண்ணாடியை மதுரையில ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டேன். சத்தமா வாசிங்க. இந்த டப்பா வண்டி போடுத சத்தத்துல பக்கத்துல பேசுததே கேக்கல.

"கப்பல் போக்குவரத்துக்கு இடையூறு விளைவிக்கும் எந்தத் தரப்பின் செயலும் ஆழ்ந்த கவலைக்குரியது."

அவ்வளவுதானா? திருப்பி வாசிங்க. எந்தத் தரப்பின் செயலும். நல்லாருக்கு சார், ரொம்ப நல்லாருக்கு. கப்பலைப் புடிச்சது யாரு, துப்பாக்கியோட படகுல வந்து ஏறுனது யாரு, இருவத்திரெண்டு பேரை இறக்கிக் கொண்டு போயி அடைச்சு வச்சது யாருன்னு உலகத்துக்கே தெரியும். டிவியில படமே காட்டுனான். இவுகளுக்கு மட்டும் எந்தத் தரப்புன்னு தெரியல. கப்பல் தன்னாலயே போயி அவன் துறைமுகத்துல படுத்துக்கிடுச்சு போல.

பதினோரு நாளு பேசுனாங்க சார் இதுக்கு. நான் ஒரு நாளு விடாம நியூஸ் பாத்தேன். "கண்டிக்கிறோம்"னு போடணும்னு நாலு நாடு. "கவலைப்படுகிறோம்"னு போட்டாப் போதும்னு மூணு நாடு. மிச்ச ரெண்டு, ஒண்ணுமே போட வேண்டாம்னுச்சு. கடைசியில கவலை செயிச்சிருச்சு. கவலைப்பட நான் இல்லையா? எனக்குக் கவலைப்பட ஆளு வேணும்னா கேட்டேன்? எங்க வீட்டுக்காரவுக அந்தக் கப்பல்லதான் போசனா இருந்தாக. போசன்னா மேல்தளத்துல வேலை பாக்குத ஆளுகளுக்கெல்லாம் தலைவரு. இருவத்தாறு வருச சர்வீசு. தூத்துக்குடிக்காரங்க, கடல்லயே பொறந்த மாதிரி.

எந்த நாடுன்னா கேக்கீக? அதைச் சொல்லக் கூடாது சார்.

சிரிக்காதீக. டெல்லியிலருந்து ஒரு அதிகாரி வந்து எங்க குடும்பங்களையெல்லாம் உக்கார வச்சு முதல்ல சொன்னதே அதுதான். "பேச்சுவார்த்தை நடக்குது, பொது இடத்துல அந்த நாட்டுப் பேரை யாரும் எடுக்காதீங்க, அவங்களுக்குக் கோவம் வரும்." எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? எங்கம்மா கல்யாணத்தன்னிக்கு எனக்குச் சொல்லித் தந்ததும் இதேதான். புருசன் பேரைச் சொல்லாத, ஆயுசு குறையும். முப்பது வருசமாச்சு, நான் ஒரு தடவ கூட அவுக பேரை வாயால சொன்னது கிடையாது. எங்க மக பேரை வச்சு, பிலோ அப்பான்னுதான் கூப்பிடுவேன். ரேசன் கடையிலயும் சரி, பேங்குலயும் சரி, எழுதித்தான் காட்டுவேன். எழுதலாம், சொல்லத்தான் கூடாது. அந்த மரியாதையைக் கொண்டு போயி அந்தக் கொள்ளைக்காரப் பயலுக்கும் குடுங்கான் இந்த அதிகாரி. கட்டுன புருசனுக்கும் கப்பலைக் களவாண்டவனுக்கும் ஒரே மரியாதை. வயிறு எரியாதா சார்?

இதுல இந்த ஒன்பது பேரும் போன வருசம்தான் ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. ஒருத்தன் கப்பல்ல கை வச்சா ஒன்பது பேரு கப்பல்லயும் கை வச்ச மாதிரின்னு. அந்தத் தைரியத்துலதான் கம்பெனிக்காரன் அந்தக் குறுகின கடலுக்குள்ள கப்பலை விட்டான். நவம்பர்ல புடிச்சான். புடிச்ச மறுநாளே ஒன்பது பேரும் ஒன்பது பக்கம் பாத்தான். ஒருத்தன் அந்த நாட்டுல இருந்து குழா போட்டு கேஸ் வாங்குதான். ஒருத்தனுக்கு எலெக்சன் வருது. ஒருத்தன் போர்க்கப்பலை அனுப்பணும்கான், இன்னொருத்தன் அவன் கையைப் புடிச்சு இழுக்கான். இதுல ஒருத்தன் இருக்கான் சார், அவனைத்தான் நான் சாகுத வரைக்கும் மன்னிக்க மாட்டேன். தன் நாட்டு ஆளுக ரெண்டு பேரு கப்பல்ல இருந்தாங்கன்னு, யாருக்கும் தெரியாம தனியாப் பேசி, அவங்களை மட்டும் கூட்டிட்டுப் போயிட்டான். வேலை முடிஞ்சதும் வாயைப் பொத்திக்கிட்டான். கேட்டா, ஒவ்வொரு நாட்டுக்கும் அதோட நெலமை இருக்காம். மனுசனா அவன்?

நாங்க அப்பிடி இல்ல சார். எங்க ஒத்துமையைப் பாத்து அவன்லாம் படிச்சிருக்கணும்.

தமிழ்நாட்டுக்காரங்க அஞ்சு பேரு அந்தக் கப்பல்ல. அஞ்சு குடும்பத்தையும் தேடிப் புடிச்சு ஒண்ணு சேத்தது நான். நாகர்கோவில்ல டென்னிசன்னு ரிட்டயர்டு எட்மாஸ்டர், அவரு மகன் ஆல்வின் செகண்ட் எஞ்சினியரு. எட்டயபுரத்துல சங்கரவடிவுன்னு ஒரு பொண்ணு, இருவத்திநாலு வயசுதான், அது புருசன் ஊர்க்காவலன் எஞ்சின்ல எண்ணெய் விடுத வேலை. அது அப்பம் ஆறு மாசம். இன்னும் ரெண்டு குடும்பம், அவுக கடலூர்ப் பக்கம். ரயில்ல வந்து இறங்க எல்லாருக்கும் வசதின்னு கோவில்பட்டியில ஒரு ஓட்டல் மாடியில கூடுனோம். நான்தான் எந்திரிச்சுச் சொன்னேன். "ஒருத்தர் வந்தா எல்லாரும் வரணும். கம்பெனிக்காரன் கூப்பிட்டாலும், அந்த நாட்டுக்காரனே கூப்பிட்டாலும், தனியா யாரும் பேசக் கூடாது." ஒவ்வொருத்தர் முன்னாலயும் போயி கையை நீட்டுனேன். கையில அடிச்சு சத்தியம் வாங்குனேன். அந்த எட்மாஸ்டர் மட்டும், "சத்தியம் எதுக்கும்மா, சொன்னாப் போதாதா"ன்னாரு. "அடிங்க சார்"ன்னேன். அடிச்சாரு. வாட்ஸ்அப்புல குரூப்பு ஆரம்பிச்சதும் நான்தான். பேரு "ஒரே குரல்".

அந்த மனுசன் ஆரம்பத்துல இருந்தே எனக்கு ஒத்து வரல. நான் கலெக்டர் ஆபீஸ் முன்னால உக்காரணும்னேன். அவரு மனு குடுப்போம்னாரு. போர்க்கப்பலை அனுப்பச் சொல்லி டெல்லிக்கே போயிக் கேப்போம்னேன். "செலஸ்டினம்மா, குண்டு போட்டா உள்ள இருக்குத நம்ம பிள்ளைகதான் முதல்ல சாவும், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க"ன்னாரு. பயந்தாங்கொள்ளின்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். நாலு பேரு முன்னாலதான் சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு.

சொன்ன மாதிரி போயி உக்காந்தேன். என் கூட வந்தது அந்த எட்டயபுரத்து வடிவு மட்டுந்தான். வயித்துல பிள்ளையோட, தார் ரோட்டுல, ஒரு குடையைப் புடிச்சுக்கிட்டு. நாட்டுப் பேரைப் போட்டு ஒழிகன்னு பெருசா எழுதி அட்டை புடிச்சோம். போலீசு வந்து பேரை அழிங்கான். மாட்டேன்னேன். அவனே சுண்ணாம்பு கொண்டு வந்து பேரு மேல அடிச்சுட்டான். ஒழிகன்னு மட்டும் இருக்கு. யாரு ஒழிகன்னு போறவன் வாறவன்லாம் கேக்கான். ஒருத்தன் கட்சி ஆளு போலருக்கு, எங்க தலைவரையா சொல்லுதீகன்னு சண்டைக்கே வந்துட்டான். வடிவு அப்பவும் அட்டையை இறக்கல சார். "அக்கா, நம்ம ரெண்டு பேரும் இருக்குத வரைக்கும் அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா"ன்னுச்சு. தங்கமான பிள்ளை. பிப்ரவரியில பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. அப்பா வந்துதான் பேரு வைக்கணும்னு இன்னி வரைக்கும் பேரு வைக்கல, பாப்பா பாப்பான்னே கூப்பிடுதாக.

வந்துட்டாகளான்னா? எங்க வீட்டுக்காரவுக வந்துட்டாக சார். பத்து நாளாச்சு. அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஊதாச் சட்டை. கழுத்தெல்லாம் வத்திப் போயி இருக்குலா, அவுகதான். கம்பெனி டாக்டர்கிட்ட காட்டத்தான் மதுரைக்குப் போயிட்டு வாறோம்.

இந்த சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. நீங்க வந்து உக்காந்தீக. உங்களைக் குத்தம் சொல்லல. அவுக அங்க போயி உக்காந்தாக, நான் என்ன செய்ய. இந்த வண்டியே வேண்டாம்னு சொன்னேன். பைபாஸ் வண்டி நின்னுச்சு, ரெண்டு மணி நேரத்துல தூத்துக்குடியில விட்டுருவான். அதுல ஏற மாட்டேன்னு இந்த ஒவ்வொரு ஊரா நொழஞ்சு போற வண்டிக்காக முக்கா மணி நேரம் வெயில்ல நின்னாக. டிக்கெட்டும் அவுகதான் எடுத்தாக. எனக்கு ஒண்ணைக் கையில குடுத்துட்டு முன்னால போயிட்டாக. பேச்சு கிடையாது. ஒன்பது நாளா ஒரு வார்த்தை கிடையாது. நான்தான் சார் அவுகளை மீட்டுக் கொண்டு வந்தேன். ஒன்பது நாடு செய்யாததை நான் ஒருத்தி செஞ்சேன்.

எப்பிடின்னா, மார்ச்சு மாசம் ஒரு மத்தியானம் போன் வருது. நான் ஊளி மீன் கழுவிக்கிட்டிருக்கேன். கையைத் தொடைச்சுட்டு எடுத்தா, அந்த நாட்டுத் தூதரகம்கான். சுத்தத் தமிழு, ரேடியோவுல வாசிக்க மாதிரி. "அம்மா, எங்கள் அரசு கருணையுள்ளது. ஒரு குடும்பத்தின் வேண்டுகோளை ஏற்க விரும்புகிறது. உங்கள் கணவரின் பெயர் என்ன?" பேரைக் கேக்கான். நான் எப்பிடிச் சொல்லுவேன்? "அவுக போசன்"னேன். அவன்கிட்ட இருக்குத லிஸ்டுல வேலை போடலையாம், பேரு மட்டுந்தான் இருக்காம். எழுதி அனுப்புதேன்னேன், நேரம் இல்லைன்னான். அப்புறம் அவனே சொன்னான், "நான் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன், உங்கள் கணவர் பெயர் வந்ததும் ஆம் என்று சொல்லுங்கள்."

வாசிச்சான். கேப்டன் பேரு. இல்லன்னேன். அடுத்து ஒரு பேரு, வெளிநாட்டுக்காரன். இல்ல. ஆல்வின் டென்னிசன்னான். இல்லன்னேன். கடலூர்ப் பையன் பேரு வந்துச்சு. இல்ல. அப்பிடியே போகுது. பதினாலாவது ஊர்க்காவலன் பேரு. அந்தப் பேரு அவன் வாயில நொழையல, ஊருக்காவேலன், ஊர்காவாலன்னு ரெண்டு தடவ சொன்னான். நான் ரெண்டு தடவையும் இல்லன்னேன். அதுக்கு அடுத்ததுதான் அவுக பேரு. ஆமான்னேன். மீதிப் பேரை அவன் வாசிக்கல.

நீங்க என்ன சார் என்னைப் பாக்கீக? அவன் கேட்டது என் புருசன் யாருன்னு. ஊர்க்காவலனா உங்க புருசன்னு கேட்டா ஆமான்னா சொல்ல முடியும்? பொய்யில்லையா அது? சத்தியத்துக்கு விரோதமா நான் ஒண்ணும் செய்யல. தனியா யாரும் பேசக் கூடாதுன்னுதான் சத்தியம். நானாவா பேசுனேன், அவனாத்தானே கூப்பிட்டான்? ஆமா, அவனே கூப்பிட்டாலும் பேசக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அப்பம் சொன்னது வேற, நெலமை வேற.

ஒரே ஒரு கடுதாசி கேட்டான். அவனே வாசகம் அனுப்பிட்டான், என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். "மேன்மை தங்கிய"ன்னு தொடங்கி அந்த நாட்டுப் பேரு முழுசா, குடியரசு சேத்து. அத்தனை மாசம் சுண்ணாம்பு அடிச்சு மறைச்ச பேரை என் கையாலேயே எழுதுனேன். கப்பல் உங்க எல்லைக்குள்ள வந்தது தப்புதான்னு என் கணவர் போன்ல எங்கிட்ட சொன்னாரு, உள்ள எல்லாரையும் நல்லாக் கவனிக்காங்க, நன்றி. இவ்வளவுதான். அவுக அப்பிடி எங்கிட்ட சொல்லல, அது நெசந்தான். போனே வரலையே, எங்க சொல்ல? ஆனா சொல்லியிருக்கலாம்லா? கப்பல் கொஞ்சம் உள்ள போயிருக்கலாம்லா? எனக்கு என்ன தெரியும், நான் கரையில கெடக்கவ.

அந்தக் கடுதாசியை அவன் டிவியில காட்டுவான்னு நான் கண்டேனா? கப்பல்காரன் குடும்பமே ஒத்துக்கிடுச்சுன்னு காட்டிட்டான். அந்த டென்னிசன் சார் குரூப்புல ஒரே ஒரு கேள்வி போட்டாரு. "இது உங்க கையெழுத்துதானாம்மா?" வேற ஒண்ணும் இல்ல. திட்டியிருந்தாக் கூட நான் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். ராத்திரிக்குள்ள ஒவ்வொருத்தரா குரூப்பை விட்டுப் போயிட்டாக. வடிவுதான் கடைசியாப் போச்சு. இப்பம் ஒரே குரல்ல நான் ஒருத்திதான் இருக்கேன். போகட்டும் சார், அவுகவுக துக்கம் அவுகவுகளுக்கு. எனக்குக் கோவம் அந்தக் குடும்பங்க மேல இல்ல.

அடுத்த வரியை வாசிங்க. இருக்கும், காலையில டீக்கடையில ஒருத்தன் வாசிச்சது என் காதுல விழுந்துச்சு. கண்டனம் ஏன் போடலைன்னு எழுதியிருப்பான்.

"மாலுமி ஒருவரின் மனைவி எழுதிய கடிதத்தைச் சுட்டிக்காட்டி, கப்பல் எல்லை மீறியதா என்பது தெளிவாகும் வரை கண்டனத்தை ஆதரிக்க இயலாது என இரு நாடுகள் தெரிவித்தன. மீதமுள்ள மாலுமிகள் மீதான விசாரணை அடுத்த மாதம் தொடங்குகிறது."

கேட்டீகளா? ஒன்பது நாடு சார். அம்புட்டு சேனை, அம்புட்டு கப்பலு. ஒரு பொம்பள எழுதுன துண்டுக் காயிதத்துக்குப் பின்னால போயி ஒளிஞ்சிருக்கான். நான் என் புருசனுக்காக எழுதுனேன், நீ யாருக்காகடா வாயைப் பொத்துன? ஒப்பந்தம் போட்டவன் நீயா நானா? ஒத்துமைன்னா என்னன்னு தெரியாத பயலுக.

எங்க வீட்டுக்காரவுக கிட்டயும் இதைத்தான் சொன்னேன். வந்தன்னிக்கு நல்லாத்தான் இருந்தாக. பிளைட்டுல இருந்து இறங்கி என் கையைப் புடிச்சு அழுதாக. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "ஊர்க்காவலன் பிள்ளைக்குப் பேரு சொல்லி விட்டிருக்கான்"னாக. உள்ள ஒரே அறையில அஞ்சு மாசம் இருந்திருக்காக ரெண்டு பேரும். என்ன பேருன்னு கேட்டேன். "வடிவுகிட்ட முதல்ல சொல்லணும்"னாக. சரின்னேன். அப்புறம் நான் உங்களை எப்பிடிக் கொண்டு வந்தேன் தெரியுமான்னு எல்லாத்தையும் சொன்னேன், இப்பம் உங்ககிட்ட சொன்ன மாதிரியே. பேரை வாசிச்சது, நான் அவுக பேரைச் சொல்லாமலே அவுகளைக் கண்டுபுடிச்சுக் குடுத்தது. சந்தோசப்படுவாகன்னு நெனச்சேன். சோத்துல கையை வச்சபடியே கேட்டாக. "ஊர்க்காவலன் பேரு எனக்கு முன்னாலயா பின்னாலயா?" முன்னாலன்னேன். கையைக் கழுவிட்டு எந்திரிச்சவுகதான். அதோட சரி, பேச்சு இல்ல. பேரு என்னன்னு அதுக்கப்புறம் எத்தனையோ தடவ கேட்டுட்டேன். பச்சப்பிள்ளை பேரைத் தெரிஞ்சுக்கிட எனக்கு உரிமை இல்லையா? நான் அந்தப் பிள்ளைக்குத் தங்க மோதிரம் போடணும்னு இருந்தவ.

இது எந்த ஊரு, வண்டி நிக்குது? எட்டயபுரமா.

ஏன் எந்திரிக்காக? தண்ணி வாங்கவா இருக்கும். இல்ல, பையை எடுக்காக. அவுக எதுக்கு இறங்குதாக? தூத்துக்குடிக்குல்லா டிக்கெட்டு. என் டிக்கெட்டு தூத்துக்குடிதான், இந்தா பாருங்க. அவுகளுக்கு எதுக்கு எடுத்தாகன்னு நான் பாக்கல.

ஏங்க. ஏங்க, இந்தாருங்க. வண்டியில இருக்குத ஆம்பளைக அத்தனை பேரும் திரும்பிப் பாக்கான், அவுக மட்டும் திரும்பல. இறங்கிட்டாக. கண்டக்டரய்யா, ஒரு நிமிசம் விசில் ஊதாதீக. சார், அந்தச் சன்னலைத் தூக்குங்க, நல்லாத் தூக்குங்க. ஏங்க. பிலோ அப்பா. காது கேக்கலையா.

கயத்தான். கயத்தான்.

நின்னுட்டாக பாருங்க. திரும்புதாக.

என்ன சொன்னாக, வண்டி கெளம்புன சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல. நீங்கதான் சன்னல் ஓரம் இருக்கீக, உங்களுக்குக் கேட்டிருக்கும். "இல்ல"ன்னா? "இல்ல"ன்னு மட்டுமா சொன்னாக? நல்லாக் கேட்டீகளா சார்? முப்பது வருசத்துல முதத் தடவையா அவுக பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். நான் பேரைத்தானே சொன்னேன், கேள்வியா கேட்டேன்? எதுக்கு சார் இல்லங்காக?